மாற்றுப்பாதையும் கண்காணிப்பும்: ஈதர்நெட் சுவிட்சின் வரலாறு

அலுவலகம், மருத்துவமனை, ரயில் நிலையம், மின்நிலையம் என எங்கும் கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈதர்நெட் சுவிட்ச், தன்னிடம் வந்து சேரும் தரவை உரிய போர்ட்டுக்கு அனுப்பும் எளிய வேலையைச் செய்வதாகவே வெளியில் தெரிகிறது. ஆனால் அதை நிறுவும் பொறியாளரின் உழைப்பு அந்த வேலைக்காகப் பெரிதும் செலவாவதில்லை; பெட்டியிலிருந்து எடுத்து மின்சாரம் கொடுத்தவுடனேயே அதை அந்தக் கருவி தானாகச் செய்யத் தொடங்கிவிடும். அவர் அமர்ந்து அமைத்துத் தர வேண்டியவை வேறு இரண்டு. ஒரு கேபிளோ ஒரு சுவிட்சோ பழுதானால் போக்குவரத்து வேறு வழியில் தொடர்வதற்கான ஏற்பாடு ஒன்று. அப்படிப் பழுது நேர்ந்ததைப் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு மற்றொன்று. தொழில்துறையில் ரிடன்டன்சி என்றும் மானிட்டரிங் என்றும் வழங்கும் இவ்விரண்டும் இக்கட்டுரையில் மாற்றுப்பாதை என்றும் கண்காணிப்பு என்றும் குறிக்கப்படுகின்றன.

இவ்விரண்டும் வெவ்வேறு அவைகளில் பிறந்தவை. மாற்றுப்பாதைக்கான நெறிகளை மின்-மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ.இ.இ.இ.யின் 802 குழு பெரும்பாலும் வகுத்தது. கண்காணிப்புக்கான நெறிகளை இணையப் பொறியியல் பணிக்குழுவான ஐ.இ.டி.எஃப். பெரும்பாலும் வகுத்தது. பிறப்பிடம் வேறாயினும், கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் உறவு தெளிவாகப் புலப்படுகிறது: மாற்றுப்பாதை எந்த அளவுக்குச் செம்மை பெறுகிறதோ அந்த அளவுக்குப் பழுது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது, ஆகவே கண்காணிப்பு இல்லாத மாற்றுப்பாதை, பழுதைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

ஒற்றைக் கேபிளின் காலம்

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பிலிருந்து ஈதர்நெட்டின் கதை தொடங்குகிறது. அவரும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முதல் வலையமைப்பு வினாடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1980-இல் வெளியிட்ட வரையறையில் வேகம் 10 மெகாபிட் ஆக உயர்ந்தது, 1983-இல் ஐ.இ.இ.இ. 802.3 என்னும் பொதுத் தரம் ஒப்புதல் பெற்றது.

அந்தக் காலத்து ஈதர்நெட் என்பது கட்டடத்தின் ஊடாக ஓடும் தடித்த கோஆக்சியல் கேபிள் ஒன்றே. கணினிகள் யாவும் அந்த ஒரே கேபிளில் ஆங்காங்கே கொக்கி போட்டதுபோல் இணைந்திருந்தன. ஒருவர் அனுப்புவது எல்லோருக்கும் கேட்டது. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல் நேர்ந்து, இருவரும் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பினர். கேபிளின் இரு முனைகளிலும் சமிக்ஞையை உறிஞ்சிக்கொள்ளும் டெர்மினேட்டர் என்னும் சிறு தடையம் பொருத்தப்பட்டிருக்கும். கேபிள் நடுவில் எங்கேனும் அறுந்தால், அறுந்த முனைகளில் அத்தகைய தடையம் இல்லாததால் சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பி, அறுந்த இரு பாதிகளும் ஒருசேரச் செயலிழந்துவிடும். இரண்டாவது வழி என்ற ஒன்றுக்கே அந்த அமைப்பில் இடமில்லை. ஒரு கேபிள் துண்டின் நீளம் 500 மீட்டரைத் தாண்டக்கூடாது, எந்த இரு கணினிகளுக்கும் இடையிலான தொலைவு 2.5 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, மொத்தக் கணினிகள் 1,024-ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்புகளும் இருந்தன.

இந்த வரம்புகளை உடைக்க வந்த கருவியே பிரிட்ஜ். டிஜிட்டல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் கெம்ப் வடிவமைத்து, 1986-இல் லேன்பிரிட்ஜ் 100 என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டி, இரண்டு தனித்தனிக் கேபிள்களுக்கு நடுவில் அமர்ந்து இரு பக்கமும் செல்லும் ஃபிரேம்களை, அதாவது முகவரியோடு கூடிய தரவுக் கட்டுகளை, ஓயாமல் கவனித்தது. எந்த முகவரியிலிருந்து எந்தப் பக்கம் ஃபிரேம் வருகிறது என்பதைக் கொண்டு அது ஓர் அட்டவணையைத் தானே எழுதிக்கொண்டது. பெறுநர் மறுபக்கம் இருப்பதாக அட்டவணை சொன்னால் மட்டும் ஃபிரேமைக் கடத்தியது. பெறுநர் எங்கே என்று தெரியாவிட்டால், வந்த பக்கம் தவிர மற்றெல்லாப் பக்கங்களுக்கும் அனுப்பியது. கணினிகளுக்கு இப்படியொரு பெட்டி நடுவில் இருப்பதே தெரியாது. இன்றைய சுவிட்ச் இந்த பிரிட்ஜின் நேர் வாரிசாகும்.

வளையமும் மரமும்

பிரிட்ஜ் வந்தபின் இரண்டு கேபிள்களுக்கு நடுவில் இரண்டு பிரிட்ஜ்களைப் பக்கம் பக்கமாக வைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்குமல்லவா? ஆனால் அப்படி வைத்த மாத்திரத்தில் ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. எல்லோருக்குமான அறிவிப்பாக அனுப்பப்படும் பிராட்காஸ்ட் ஃபிரேம் ஒன்றை முதல் பிரிட்ஜ் மறுபக்கம் கடத்த, அதை இரண்டாம் பிரிட்ஜ் இந்தப் பக்கம் திருப்பிக் கடத்த, அது முடிவின்றிச் சுழலும். இணைய நெறிப்படி செல்லும் பேக்கெட்டில், ஒவ்வொரு ரௌட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறைந்து சுழியானதும் பேக்கெட்டை அழித்துவிடும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒற்றைக் கேபிளுக்காக வடிவமைக்கப்பட்ட ஈதர்நெட் ஃபிரேமில் அத்தகைய எண் கிடையாது. பாதைகள் பல கிளைக்கும் இடங்களில் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நொடிகளில் வலையமைப்பின் முழுக் கொள்ளளவையும் இந்த வெற்றுப் பிரதிகளே விழுங்கிவிடும். பிராட்காஸ்ட் புயல் என்று அஞ்சப்படும் நிலை இதுதான். பழுதைத் தாங்குவதற்காகச் சேர்த்த இரண்டாம் வழி, எந்தப் பழுதும் இல்லாத வேளையிலேயே வலையமைப்பைச் சாய்த்துவிடும் என்ற முரணிலிருந்துதான் இந்தத் துறையின் சிந்தனை முழுவதும் புறப்பட்டது.

இதைத் தீர்க்கும் பொறுப்பு டிஜிட்டல் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மனிடம் வந்தது. வலையமைப்பு எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொரு பிரிட்ஜும் செலவிடும் நினைவகம் அதோடு சேர்ந்து பெருகக்கூடாது என்ற கடினமான நிபந்தனையோடு அவர் கண்ட வழி, 1985-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. தம் நெறியின் சாரத்தை ஜாய்ஸ் கில்மரின் புகழ்பெற்ற மரக் கவிதையின் சாயலில் ஒரு சிறு பாட்டாகவே அவர் எழுதி அந்தக் கட்டுரையில் சேர்த்ததும் துறையின் நினைவில் நிலைத்துவிட்ட செய்தியாகும்.

அவருடைய கருத்துக்கு அடித்தளம் கோட்டுருவியல் என்னும் கணிதப் பிரிவில் நெடுநாளாக இருந்துவந்தது. பல புள்ளிகளை வளையம் உண்டாகாமல் அனைத்தையும் தொடும்படி இணைக்கும் கோடுகளின் தொகுதி ஸ்பானிங் ட்ரீ, அதாவது தழுவு மரம், எனப்படும். பத்துப் புள்ளிகளுக்கு ஒன்பது கோடுகளே போதும் என்பதுபோல், கோடுகளின் எண்ணிக்கை எப்போதும் புள்ளிகளைவிட ஒன்று குறைவாக இருக்கும். மொராவியாப் பகுதிக்குக் குறைந்த செலவில் மின்கம்பி இழுப்பதற்கான வழியை ஆராய்ந்த செக் கணித அறிஞர் ஓடகார் போருவ்கா 1926-இலேயே இத்தகைய மரங்களைக் காணும் முறை ஒன்றை வெளியிட்டிருந்தார். அவர் முழு வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு கணக்கிட்டார். பெர்ல்மனின் பிரிட்ஜ்களோ முழு வரைபடத்தை அறியாமலே, அண்டை பிரிட்ஜ்களோடு மட்டும் பேசிக்கொண்டு, எல்லாம் ஒரே மரத்தில் வந்து உடன்பட வேண்டியிருந்தது. அவருடைய சாதனை இதில்தான் அடங்கியிருக்கிறது.

நெறியின் போக்கு இதுவாகும். ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முற்பகுதி நிர்வாகி மாற்றக்கூடிய முன்னுரிமை எண், பிற்பகுதி தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட மேக் முகவரி. பிரிட்ஜ்கள் பி.பி.டி.யு. எனப்படும் சிறு செய்திகளை இரண்டு வினாடிக்கொரு முறை பரிமாறிக்கொண்டு, மிகச் சிறிய எண்ணை உடைய பிரிட்ஜை வேராக, அதாவது ரூட் பிரிட்ஜாக, ஏற்கின்றன. வேருக்குச் செல்லும் மிகக் குறைந்த செலவுள்ள வழியை ஒவ்வொரு பிரிட்ஜும் வைத்துக்கொண்டு, வளையத்தை உண்டாக்கும் எஞ்சிய போர்ட்டுகளைத் தடுத்து வைக்கிறது. தடுக்கப்பட்ட போர்ட் தரவைக் கடத்தாது, ஆனால் பி.பி.டி.யு.க்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவை வருவது நின்றால் பழுது நேர்ந்துவிட்டதென்று உணர்ந்து, மரத்தை மறுபடி கணித்து, தேவையானால் தன் தடையை நீக்கிக்கொள்ளும். ஐ.இ.இ.இ. இந்த நெறியைச் சற்று மாற்றி, 802.1டி என்ற எண்ணில் 1990-இல் பொதுத் தரமாக்கியது. டிஜிட்டல் நிறுவனத்தின் பழைய வடிவமும் புதிய தரமும் ஒன்றோடொன்று பேசவியலாதவை என்பதால், இரண்டும் கலந்த இடங்களில் நிர்வாகிகள் சில காலம் அல்லற்பட நேர்ந்தது.

ஐம்பது வினாடிகளும் வெளியில் தெரியாத பழுதும்

தரத்தில் பரிந்துரைக்கப்பட்ட காலக் கணக்கு மிகுந்த எச்சரிக்கையோடு போடப்பட்டது. கடைசியாகக் கேட்ட செய்தி காலாவதியாக 20 வினாடி; தடை நீங்கும் போர்ட் முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க 15 வினாடி; பின்னர் முகவரிகளைக் கற்றுக்கொள்ள 15 வினாடி; ஆக மொத்தம் 50 வினாடி கழிந்த பிறகே மாற்றுப்பாதை திறக்கும். வலையமைப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஏழு பிரிட்ஜ்களுக்கு மேல் இராது என்ற அனுமானத்தின் மீது இந்த எண்கள் நின்றன. ஒரு கணம்கூட இரு வழிகளும் ஒருசேரத் திறந்துவிடக்கூடாது என்பதே இந்தப் பொறுமையின் நோக்கம்.

இயல்பாக அமைந்த முன்னுரிமை எண் எல்லாக் கருவிகளிலும் 32,768 என்றே இருந்தது. நிர்வாகி அதை மாற்றாமல் விட்டால், மேக் முகவரி மிகச் சிறியதாக உள்ள கருவியே வேராகிவிடும்; ஒரே நிறுவனத்தின் கருவிகளில் சிறிய முகவரி பெரும்பாலும் பழைய கருவிக்கே அமைவதால், ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் மெதுவான பெட்டி முழு வலையமைப்பின் நடுநாயகமாகிவிடுவதும் உண்டு. ஆகவே மையத்திலுள்ள வலிமையான சுவிட்சின் முன்னுரிமை எண்ணைக் குறைத்து அதையே வேராக்குவதும், அதற்கு அடுத்ததை மாற்று வேராகக் குறித்து வைப்பதும் தொழிலில் கற்றுத்தரப்படும் முதற்பாடங்களாயின.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இந்த ஏற்பாட்டின் வெற்றியிலேயே ஒளிந்திருந்தது. முதன்மைக் கேபிள் அறுந்து மாற்றுப்பாதை திறந்துவிட்டால், பயனாளருக்கு ஒரு நிமிடத் தடங்கலுக்கு மேல் எதுவும் தெரியாது. எவரும் புகார் சொல்லமாட்டார். அறுந்த கேபிள் அறுந்தபடியே கிடக்கும். அதேபோல், தடுக்கப்பட்டுக் காத்திருக்கும் கேபிள் அந்த நிலையிலேயே பழுதானால் அப்போதும் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது பழுது நேரும் நாளில்தான், மாற்றுப்பாதை என்று நம்பியிருந்தது எப்போதோ இல்லாமல் போனது வெளிப்படும். காரின் டிக்கியில் காற்று இறங்கிக் கிடக்கும் ஸ்டெப்னியைப் போன்றது இது: இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தருமே தவிர, வேண்டிய வேளையில் உதவாது.

எண்ணத் தொடங்கிய சுவிட்சுகள்

இந்த இருட்டை அகற்றும் கருவிகள் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தன. 1980-களின் பிற்பாதியில் இணையத்தின் ரௌட்டர்கள் பல நிறுவனங்களின் கருவிகளாகப் பெருகியபோது, அவற்றின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறிய ஒரு பொது மொழி தேவைப்பட்டது. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடார், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வரும் 1987-இல் முன்வைத்த நெறி, செம்மையாக்கப்பட்டு, எஸ்.என்.எம்.பி. என்ற பெயரில், ஆர்.எஃப்.சி. எனப்படும் இணையத் தர ஆவண வரிசையில் 1988-இல் ஆர்.எஃப்.சி. 1067 ஆகவும் 1990-இல் ஆர்.எஃப்.சி. 1157 ஆகவும் வெளிவந்தது. பன்னாட்டுத் தர அமைப்பின் விரிவான நெறி ஒன்று முதிர்ந்து வரும்வரை பயன்படட்டும் என்று இடைக்கால ஏற்பாடாகவே அது கருதப்பட்டது. ஆயினும் எளிமையால் அதுவே நிலைத்துவிட்டது.

அதன் அமைப்பு எளிது. ஒவ்வொரு கருவியிலும் ஏஜென்ட் எனப்படும் சிறு நிரல் அமர்ந்து, மிப் எனப்படும் வகுக்கப்பட்ட பட்டியலின்படி எண்களைப் பேணுகிறது: ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது, எத்தனை ஃபிரேம் சிதைந்து வந்தது, போர்ட் இயங்குகிறதா இல்லையா என்பவை அவை. மையத்திலுள்ள நிர்வாக நிலையம் குறித்த இடைவெளியில் இவற்றைக் கேட்டுப் பெறுகிறது. அவசரமானவற்றைக் கேட்காமலே தெரிவிக்க டிராப் என்னும் செய்தி உண்டு. பிரிட்ஜ்களுக்கென்றே 1991-இல் வகுக்கப்பட்ட மிப் பட்டியலில், புதிய வேர் தேர்வானதை அறிவிக்கும் டிராப்பும், மரத்தின் வடிவம் மாறியதை அறிவிக்கும் டிராப்பும் இடம்பெற்றன. தனித்தனியே வளர்ந்த இரு துறைகளும் முறைப்படி கைகோத்த இடம் இதுவே. மாற்றுப்பாதை திறந்தது என்ற செய்தி மனிதரின் பார்வைக்கு வர வழி பிறந்தது.

ஆனால் டிராப் ஒருவழிச் செய்தி. போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடையாது. வலையமைப்பு உடைந்ததைச் சொல்லப் புறப்பட்ட செய்தி அந்த உடைந்த வலையமைப்பின் வழியாகவே செல்ல வேண்டியிருந்ததால், மிகவும் தேவையான வேளையில்தான் அது தொலையும் வாய்ப்பு மிகுந்திருந்தது. ஒப்புகை கேட்கும் இன்ஃபார்ம் என்ற செய்தி 1993-இல் இரண்டாம் பதிப்பில் சேர்ந்ததும், பெரிய நிறுவனங்கள் கண்காணிப்புக்கென்றே தனி வலையமைப்பு ஒன்றை இழுத்து வைப்பதும் இக்குறையை நோக்கிய தீர்வுகளே. முதற்பதிப்பில் கடவுச்சொல்லாக இருந்த கம்யூனிட்டி என்னும் சொல் மறைகுறியாக்கம் இன்றி வெளிப்படையாகச் சென்றது. உறுதியான பாதுகாப்பு 2002-இல் முழுத் தரமான மூன்றாம் பதிப்போடுதான் வந்தது.

எல்லாவற்றையும் மையத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது சுமையாகும் என்பதால், கருவியே கணக்கு வைத்துக்கொண்டு வரம்பு மீறியபோது மட்டும் குரல் கொடுக்கும் ஆர்மான் என்ற நெறி 1991 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1271 ஆக வந்தது. அதன் ஒன்பது பிரிவுகளில் புள்ளிவிவரம், வரலாறு, எச்சரிக்கை, நிகழ்வு ஆகிய நான்கும் இன்றளவும் சாதாரண சுவிட்சுகளில்கூட இடம்பெறுகின்றன. ஒரு போர்ட்டில் சிதைந்த ஃபிரேம்கள் ஓர் அளவை மீறினால் செய்தி அனுப்பு என்று நிர்வாகி எழுதி வைக்கலாம். மெல்லப் பழுதாகிவரும் கேபிள் முழுவதும் அறுவதற்கு முன்பே கண்டறியப்பட இது வழிசெய்தது.

எண்ணும் முறையும் வேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பைட்டுகளை எண்ணும் 32 பிட் கணக்கி, முழுச் சுமையிலிருக்கும் 10 மெகாபிட் போர்ட்டில் ஏறத்தாழ 57 நிமிடத்தில் நிறைந்து சுழிக்குத் திரும்பும். 1 கிகாபிட் போர்ட்டில் 34 வினாடியிலேயே திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை கேட்கும் நிலையத்துக்கு அந்த எண் பொருளற்றதாகிவிடுவதால், 64 பிட் கணக்கிகள் தரத்தில் சேர்க்கப்பட்டன. ஐந்து நிமிட இடைவெளியைப் பழக்கமாக்கியதில் எம்.ஆர்.டி.ஜி. என்ற இலவச மென்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த 64 கிலோபிட் இணைய இணைப்பின் சுமையை வரைபடமாகக் காட்டுவதற்காக டோபியாஸ் ஒய்டிகர் 1994-இல் எழுதத் தொடங்கிய அது, எண்களின் நெடுவரிசையை ஒரே பார்வையில் படிக்கத்தக்க கோடாக மாற்றியது.

சுவிட்ச் மறைத்ததும் காட்டியதும்

கலிஃபோர்னியாவில் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் நிறுவிய கல்பனா நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஏழு போர்ட் ஈதர்சுவிட்ச், பிரிட்ஜின் வேலையைப் பல போர்ட்டுகளுக்கு ஒரே வேளையில் செய்துகாட்டி, சுவிட்ச் என்ற பெயரையே சந்தையில் ஊன்றியது. சிஸ்கோ நிறுவனம் 1994-இல் கல்பனாவை வாங்கிக்கொண்டது. பல கேபிள்களை ஒரே தடித்த இணைப்பாகப் பாவிக்கும் ஈதர்சேனல் முறையும் கல்பனாவிடமிருந்து வந்ததே. தழுவு மரம் இரண்டாம் கேபிளைத் தடுத்து வைத்தது; ஈதர்சேனலோ இரண்டையும் வேலைவாங்கி, ஒன்று அறுந்தால் அதன் பங்கை மற்றொன்றுக்கு மாற்றியது. இது 2000-இல் 802.3ஏடி என்ற பொதுத் தரமானபோது, இரு முனையிலும் உள்ள சுவிட்சுகள் தம் அமைப்பு பொருந்துகிறதா என்று பேசிச் சரிபார்த்துக்கொள்ளும் எல்.ஏ.சி.பி. நெறியும் உடன் வந்தது.

சுவிட்சின் வருகை கண்காணிப்புக்கு ஒரு புதிய திரையையும் போட்டது. ஒற்றைக் கேபிள் காலத்தில் யாருடைய ஃபிரேமும் எல்லோருக்கும் கேட்டதால், நெட்வொர்க் ஜெனரல் நிறுவனம் 1986-இல் கொண்டுவந்த ஸ்னிஃபர் போன்ற ஆய்வுக் கருவியை எங்கேனும் ஓரிடத்தில் இணைத்தாலே போக்குவரத்து முழுவதையும் படிக்க முடிந்தது. சுவிட்ச் ஒவ்வொரு ஃபிரேமையும் உரியவரின் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பியதால் அந்தப் பார்வை அடைபட்டது. ஒரு போர்ட்டின் போக்குவரத்தைப் பிரதியெடுத்து மற்றொரு போர்ட்டுக்கு அனுப்பும் போர்ட் மிரரிங் வசதி இதனால்தான் தேவையாயிற்று. வேகம் மேலும் கூடிப் பிரதியெடுப்பதே சுமையானபோது, ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் ஒன்றை மட்டும் மாதிரியாக எடுத்து அனுப்பும் எஸ்-ஃப்ளோ முறை 2001-இல் ஆர்.எஃப்.சி. 3176 ஆக வெளியிடப்பட்டது.

விரைவும் விழிப்பும்

ஐம்பது வினாடிக் காத்திருப்பு 1990-களின் நடுவிலேயே பொறுக்கமுடியாததாகிவிட்டது. கணினி மட்டுமே இணையும் போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போன்ற குறுக்குவழிகளைச் சிஸ்கோ சேர்த்தது. 2001-இல் வந்த 802.1டபிள்யூ தரம் நெறியையே மாற்றியமைத்தது. பழைய நெறியில் வேர் சொல்வதை மற்றவை கடத்தின. புதியதில் ஒவ்வொரு சுவிட்சும் தானே இரண்டு வினாடிக்கொரு முறை செய்தி அனுப்பியது. மூன்று செய்தி தொடர்ந்து தவறினால் அண்டை மறைந்ததாகக் கொள்ளப்பட்டது. வேருக்கான மாற்று போர்ட் முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டது. இரு சுவிட்சுகள் நேருக்கு நேர் பேசி உடன்பட்டு, காலக் கணக்கு முடியக் காத்திராமல் பாதையைத் திறந்தன. நல்ல அமைப்பில் ஒரு வினாடிக்குள்ளாகவே மீட்சி கிட்டியது. ஒரே வலையமைப்புக்குள் தனித்தனியாகப் பிரித்து அமைக்கப்படும் மெய்நிகர் வலையமைப்புகளான விலேன்கள் பலவற்றைத் தொகுத்துத் தொகுதிக்கொரு மரம் அமைக்கும் 802.1எஸ் தரம் 2002-இல் வந்ததால், ஒரு மரத்தில் தடுக்கப்பட்ட கேபிள் மற்றொரு மரத்தில் உழைக்க முடிந்தது.

விரைவோடு புதிய அபாயங்களும் தெரியவந்தன. ஃபைபர் கேபிளில் செல்வதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை என இரண்டு உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் கெட்டால், தடுத்து நிற்கும் போர்ட்டுக்குப் பி.பி.டி.யு. வருவது நின்றுவிடும். பழுது நேர்ந்ததென்று எண்ணி அது தன் தடையை நீக்க, மறுதிசை இழை நலமாக இருப்பதால் வளையம் உருவாகிப் புயல் மூளும். செய்தி வராமையையே பழுதின் அடையாளமாகக் கொள்ளும் நெறியின் ஆழமான பலவீனம் இது. இரு திசையும் உயிரோடு உள்ளனவா என்று சோதிக்கும் யு.டி.எல்.டி., செய்தி திடீரென நின்றால் போர்ட்டைத் திறவாமல் நிறுத்திவைக்கும் லூப் கார்டு, பயனாளர் போர்ட்டில் பி.பி.டி.யு. வந்தால் அந்த போர்ட்டையே மூடிவிடும் பி.பி.டி.யு. கார்டு ஆகியவை அடுத்தடுத்து வந்தன. மாற்றுப்பாதையைக் காக்கும் நெறியையே கண்காணிக்கும் நெறிகள் இவை.

இவற்றின் தேவையை உலகுக்கு உணர்த்தியது 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையில் நேர்ந்த முடக்கம். ஆராய்ச்சிக்கான மென்பொருள் ஒன்று அனுப்பிய பெருந்தரவு அதைத் தூண்டியது. ஆனால் அடிப்படைக் காரணம், ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்த வலையமைப்பு, தழுவு மர நெறி அனுமானித்திருந்த ஏழு சுவிட்ச் வரம்பைத் தாண்டிவிட்டிருந்ததே. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்களும் செவிலியரும் காகிதக் குறிப்பேடுகளுக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கே மாற்றுப்பாதைகள் இல்லாமல் இல்லை. அவற்றின் வரம்பு எப்போது கடக்கப்பட்டது என்பதைக் கவனிக்கும் ஏற்பாடுதான் இல்லை. அம்மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் வெளியிட்டதால், பிற நிறுவனங்களும் அதிலிருந்து கற்றுக்கொண்டன.

தொழிற்கூடத்து வளையங்கள்

அலுவலகத்துக்கு ஒரு வினாடி போதும். இயந்திரங்களை இயக்கும் தொழிற்கூடத்துக்கும் மின்நிலையத்துக்கும் அது மிக நீண்ட நேரம். அங்கே கேபிளை நீண்ட தொலைவுக்கு இழுக்க வேண்டியிருப்பதால் சுவிட்சுகளை வரிசையாகக் கோத்து, கடைசியை முதலோடு இணைத்து வளையமாக்குவதே சிக்கனம். ஜெர்மனியின் ஹிர்ஷ்மன் நிறுவனம் கொண்டுவந்த ஹைப்பர்-ரிங் முறையில், வளையத்தின் மேலாளராக நியமிக்கப்படும் ஒரு சுவிட்ச் தன் இரு போர்ட்டுகளில் ஒன்றைத் தடுத்து வைத்து, ஒரு போர்ட்டில் சோதனைச் செய்தியை அனுப்பி மறு போர்ட்டில் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வராவிட்டால் தடையை நீக்கும். இந்த வழியில் வளர்ந்த எம்.ஆர்.பி. என்னும் நெறி ஐ.இ.சி. 62439 என்ற பன்னாட்டுத் தரத்தில் இடம்பெற்றது. 50 சுவிட்சுகள் வரையுள்ள வளையம் 200 மில்லிவினாடிக்குள் மீள அது உறுதியளிக்கிறது. தொலைத்தொடர்புத் துறைக்கென 50 மில்லிவினாடியை இலக்காகக் கொண்ட ஜி.8032 நெறி 2008-இல் வந்தது.

தொழிற்கூடச் சுவிட்சுகளில் கண்காணிப்பும் தன் இயல்புக்கேற்ற வடிவம் பெற்றது. இரண்டு தனி மின்வழங்கிகளை இணைக்கும் முனைகளோடு ஒரு ரிலே முனையும் அவற்றில் இருக்கும். ஒரு மின்வழி போனாலோ, குறித்த கேபிள் அறுந்தாலோ, வளையம் உடைந்தாலோ அந்த ரிலே செயல்பட்டு, கட்டுப்பாட்டு அறையில் விளக்கை எரியவிடும் அல்லது மணியை ஒலிக்கவிடும். வலையமைப்பையே நம்பாமல் தனிக் கம்பியில் செல்லும் செய்தி என்பதால், டிராப்புக்கு இருந்த குறை இதற்கு இல்லை.

மின்நிலையங்களின் காப்புக் கருவிகளுக்கு ஒரு மில்லிவினாடி இழப்பும் ஆகாது என்ற தேவையிலிருந்து பி.ஆர்.பி. நெறி பிறந்தது. ஒவ்வொரு கருவியும் முற்றிலும் தனித்தனியான இரண்டு வலையமைப்புகளில் ஒரே ஃபிரேமின் இரு பிரதிகளையும் ஒருசேர அனுப்பும். பெறுபவர் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு அடுத்ததை விட்டுவிடுவார். இங்கே மாறுதல் என்று ஒன்று நிகழ்வதே இல்லை. மீட்சி நேரம் சுழி. அதனாலேயே, ஒரு வலையமைப்பு முழுவதுமாக இறந்தாலும் எந்தப் பயன்பாட்டிலும் துளி மாற்றமும் தெரியாது. இதை உணர்ந்த வடிவமைப்பாளர்கள், ஒவ்வொரு கருவியும் தான் உயிரோடிருப்பதை இயல்பாக இரண்டு வினாடிக்கொரு முறை இரு வலையமைப்புகளிலும் அறிவிக்க வேண்டும் என்றும், எந்த வழியில் எத்தனை ஃபிரேம் வந்தது என்று தனித்தனியே எண்ண வேண்டும் என்றும் தரத்திலேயே விதித்தனர். மாற்றுப்பாதையும் கண்காணிப்பும் ஒரே ஆவணத்தில், ஒரே நெறியின் இரு உறுப்புகளாக எழுதப்பட்டது இந்த வரலாற்றின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

பெரிய தரவு மையங்கள் வேறு வழியில் சென்றன. தம் பழைய நெறியின் குறைகளைக் களைய ரேடியா பெர்ல்மனே முன்னின்று வடிவமைத்த டிரில் நெறி 2011-இல் ஆர்.எஃப்.சி. 6325 ஆக வந்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு இல்லாதிருந்த ஆயுள் எண்ணை அது ஒரு மேலுறையில் சேர்த்து, எல்லாக் கேபிள்களையும் ஒருசேரப் பயன்படுத்த வழிசெய்தது. மிகப் பெரிய மையங்களோ இணையத்தின் ரௌட்டிங் நெறிகளையே சுவிட்சுகளுக்கு நடுவில் ஓட்டத் தொடங்கின. அவற்றில் நிலைத் தகவலைக் கேட்டுப் பெறும் பழைய முறைக்குப் பதிலாக, கருவிகளே இடைவிடாது அனுப்பும் டெலிமெட்ரி முறை பரவிவருகிறது.

நாற்பது ஆண்டுகளில் மீட்சி நேரம் ஐம்பது வினாடியிலிருந்து சுழியாகக் குறைந்திருப்பது பொறியியலின் பெருமைக்குரிய சாதனை. ஆனால் அந்தச் சாதனையின் ஒவ்வொரு படியிலும், பழுதைப் பயனாளரின் புகாரால் அறியும் வாய்ப்பு ஒரு படி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆதலால் இரண்டாம் கேபிளை இழுத்த அன்றே, முதல் கேபிள் அறுந்தால் யாருக்கு எந்த வழியில் செய்தி போகும் என்பதையும் அமைத்து, ஒருமுறை வேண்டுமென்றே கேபிளைக் கழற்றிப் பார்த்து, மாற்றுப்பாதை திறக்கிறதா, செய்தி உரியவரிடம் சேர்கிறதா என்ற இரண்டையும் சோதித்த பிறகே அந்த வேலையை முடிந்ததாகக் கொள்வது முறையாகும்.